சூலத்தில் தொங்கிய இடுப்பு

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் உள்ளங்கைக்குள் வைத்துக் குலுக்கி, அம்மன் காலடியில் போட்டார். இரண்டும் ஒரே அளவு. வாழையிலைக் கிழிசலில் மடித்து நூல் சுற்றியவை. ஒன்றில் செவ்வரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. சிவப்பு வந்தால் ஆத்தா சம்மதம். வெள்ளை வந்தால் நான் பேசாமல் காரில் ஏறித் தேனிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆண்டிபட்டியைத் தாண்டி ஒரு பாறைக் கரட்டின் அடிவாரம். பங்குனி வெயில். செருப்பைத் தூரத்திலேயே கழற்றச் சொல்லிவிட்டதால் நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். சாதாரண நாளிலேயே ஓரிடத்தில் நிற்கமாட்டாதவன் நான். அன்று கீழே தரையும் சுட்டது, உள்ளே மனசும் சுட்டது.

எதிரே நட்டிருந்த சூலங்களில் பெரியதன் நடுமுனையில், மஞ்சள் கயிற்றில், நான் தேடி வந்த பொருள் தொங்கியது. உருண்டைத் தலையில் குங்குமம். தண்டு முழுக்கச் சந்தனம். பக்கத்தில் காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று. அது பேச்சியம்மாளின் இடுப்பு மூட்டு. உள்ளே வைத்தவனும் நான்தான், வெளியே எடுத்தவனும் நான்தான்.

“எடு தாயி” என்றார் பூசாரி.

பேச்சியம்மாள் ஊன்றுகோலைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை எடுக்கக் குனிந்தாள்.

“குனியாதே!” என்று நான் போட்ட சத்தத்தில் பூசாரியின் கையிலிருந்த திருநீற்றுத் தட்டு ஆடிவிட்டது. புது மூட்டு வைத்து இரண்டு மாதம்கூட ஆகாதவள் இடுப்பை அப்படி மடக்கினால் மூட்டு நழுவிக் கையோடு வந்துவிடும். சன்னதி என்று பார்த்தால் முடியுமா?

பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பொட்டலங்களைத் தட்டில் எடுத்து வைத்து அவள் நெஞ்சு உயரத்துக்கு நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கை தட்டின் மேலே அலைந்தது.

போடி கடைத்தெருவில் சர்ச் மணி கேட்டு வளர்ந்தவன், எலும்பு டாக்டர், அம்மன் சன்னதியில் பூக்கேட்டு ஏன் நின்றான் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க முடியும்.

ஜன்னல் வைத்த தண்டு

எழுபதுகளின் பின்பாதியில் அல்லிநகரத்தில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் ஆரம்பித்தேன். சென்ற வாரம் எழுதினேனே, மதுரையிலிருந்து மயக்க மருந்து டாக்டரை பஸ்ஸில் வரவழைத்து, அவர் உசிலம்பட்டியில் டீ குடிக்க இறங்கி பஸ்ஸைத் தவறவிட்ட கதை, அதே காலம்.

அதற்கு முன்பு எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் ஒரே வைத்தியம் கட்டில்தான். காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைப்போம். முதுகில் புண் வரும். நெஞ்சில் சளி கட்டும். பலர் அந்தக் கட்டிலிலிருந்து இறங்கியதே இல்லை.

பிறகு உலோக மூட்டு வந்தது. முறிந்த எலும்பின் உருண்டைத் தலையை எடுத்துவிட்டு எவர்சில்வரில் செய்த உருண்டை ஒன்றை வைக்க வேண்டும். உருண்டைக்குக் கீழே நீளமாக ஒரு தண்டு. அதைத் தொடை எலும்பின் குழிக்குள் அடித்து இறக்குவோம். தண்டில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கும். நாளாக ஆக எலும்பு அந்த ஜன்னல்களுக்குள் வளர்ந்து தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் என்பது அதை வடிவமைத்தவர்களின் யோசனை. எலும்பு சில பேருக்கு அந்த யோசனைக்குக் கட்டுப்பட்டது. சில பேருக்குக் கட்டுப்படவில்லை.

அதற்கும் முந்தைய மாதிரி ஒன்றை மாணவனாக இருந்தபோது மதுரையில் பார்த்திருக்கிறேன். கப்பலில் வேலை பார்த்த ஒருவர், எங்கோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் விழுந்து, அங்கேயே பிளாஸ்டிக் தலை வைத்த மூட்டுடன் ஊர் திரும்பியிருந்தார். அவர் நடந்தால் இடுப்பிலிருந்து கீச் கீச்சென்று சத்தம் வரும். வார்டில் எல்லோரும் “எண்ணெய் போடுங்கய்யா” என்பார்கள். அவரும் சிரிப்பார். பிளாஸ்டிக் தேய்ந்து தூளாகிக்கொண்டிருந்தது என்பது எக்ஸ்ரேயில் தெரிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இந்தத் துறையில் ஒவ்வொரு தப்பையும் யாரோ ஒரு நோயாளி நடந்து பார்த்துத்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு அதை நினைத்தால் இன்றும் கோபம்தான் வருகிறது.

காலுறை போட முடிகிறதா?

மூட்டு வைத்த பிறகு நோயாளி எப்படி இருக்கிறார் என்று அளக்க வெளிநாட்டு டாக்டர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார்கள். வலி உண்டா? மாடிப்படி ஏற முடிகிறதா? நாற்காலியில் உட்கார முடிகிறதா? காலுறையும் ஷூவும் தானே போட முடிகிறதா?

நானும் ஆர்வக்கோளாறில் கொஞ்ச நாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர், “காலுறையா? அது எதுக்குய்யா எனக்கு? காட்டுல குத்தவச்சு வேலை பாக்கலாமா, அதைச் சொல்லுங்க” என்றார். கூடாது என்றேன். “சம்மணம் போட்டுச் சாப்பிடலாமா?” கூடாது. “வெளிய தெருவப் போக?” அதற்கும் குத்தவைக்கக் கூடாது, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி செய்துகொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்ப இந்தக் காலை வச்சு நான் என்னதான்யா செய்யிறது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்த மூட்டு நாற்காலியில் பிறந்து நாற்காலியில் வளர்ந்தவர்களுக்காகச் செய்தது. எங்கள் ஜனம் தரையில் உண்டு, தரையில் விற்று, தரையில் உறங்குகிற ஜனம். இதில் அளவும் பொருந்தாது. பெரிய பெரிய தலைகளாகப் பெட்டியில் வரும். எங்கள் பெண்களின் இடுப்புக் குழியோ சின்னது. தண்டு தடிமன், எலும்புக் குழி குறுகல். சட்டையைத் தைத்து வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற ஆளைத் தேடுகிற கதைதான்.

அதனால்தான், வடக்கே ஏதோ ஊரில் நம் அளவுக்கென்றே செய்த மூட்டுகளை ஒரு விற்பனைப் பிரதிநிதி கொண்டுவந்து மேசையில் பரப்பியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்னத் தலை, ஒல்லித் தண்டு. பளபளவென்று இருந்தன. பெட்டியில் இரண்டு இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

ஒன்று பேச்சிக்கு, ஒன்று அக்காவுக்கு

முதலாவது பேச்சியம்மாளுக்குப் போனது. கடலைக் காட்டில் வரப்பு தடுக்கி விழுந்தவள். புருஷன் மாயாண்டி அவளை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்திருந்தார்.

இரண்டாவது என் அக்காவுக்கு.

எஸ்தர் அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். கணவர் போன பிறகு போடியில் அவருடைய ஜவுளிக்கடையைத் தனியாக நடத்தினாள். நான் மருத்துவம் படித்தது அந்தக் கடைத் துணி விற்ற வருமானத்தில்தான். மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் படியில் வழுக்கி விழுந்தாள். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். ரத்த சொந்தத்துக்குக் கத்தி பிடிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி.

“ஊரான் வீட்டு ஆளுகளுக்கெல்லாம் அறுக்குற. எனக்குன்னா கை நடுங்குதாக்கும்?” என்றாள் அக்கா. “நீதான் செய்யிற. இல்லைன்னா நான் இப்படியே கெடக்கேன்.”

செய்தேன். கை நடுங்கவில்லை.

ஆறு மாதத்தில் அக்கா கடையில் நடமாடத் தொடங்கிவிட்டாள். அந்தக் கால ஜவுளிக்கடை உங்களுக்குத் தெரியும். வெள்ளை மெத்தை விரித்து, விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அக்காவுக்குச் சம்மணம் கூடாது என்று சொல்லிவிட்டேன். உயரமான ஸ்டூல் வாங்கிக் கொடுத்தேன். “எல்லாரும் கீழ இருக்காக, நான் மட்டும் ஒசக்க உக்காந்தா நல்லாவா இருக்கு?” என்று அதில் அவள் உட்காரவே இல்லை. நாள் முழுக்க நின்றபடியும் நடந்தபடியும் விற்றாள். வியாபாரம் கூடியது என்றுகூடச் சொன்னாள்.

அவள் நடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அது இரண்டு வருஷம்தான்.

கறுப்புப் புள்ளி

பேச்சியம்மாள் ஆண்டிபட்டிச் சந்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தொடைக்குள் ‘டக்’ என்றது. நின்ற இடத்தில் விழுந்தாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். உள்ளே தண்டு இரண்டாக உடைந்திருந்தது.

விழுந்து எலும்பு உடைவதைப் பார்த்திருக்கிறேன். எலும்புக்குப் பதிலாக வைத்த இரும்பு உடைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது பேச்சியம்மாளை அல்ல. அந்தப் பெட்டியிலிருந்த இன்னொரு மூட்டை.

உடைந்ததை எடுப்பது பெரும் பாடு. மேல்துண்டு எளிதாக வந்துவிட்டது. கீழ்த்துண்டு எலும்புக் குழிக்குள் இறுகியிருந்தது. தொடை எலும்பில் சின்னதாக ஒரு வாசல் வெட்டி, அந்த வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளினோம். பாதியில் ரத்த அழுத்தம் இறங்கியது. மயக்க மருந்து டாக்டர், “சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்திக்கொண்டே இருந்தார். வேறு கம்பெனி மூட்டை எலும்புச் சிமெண்ட் வைத்துப் பொருத்தித் தையல் போட்டு முடித்தோம்.

அந்த அவசரத்துக்கு நடுவில், தட்டில் கிடந்த உடைந்த முனையை ஒரே ஒரு கணம் பார்த்தேன். உடைந்த முகத்தின் ஓரத்தில் கடுகளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளி.

அது உறைந்த ரத்தமா? இல்லை, உலோகத்தை வார்க்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழின் ஓட்டையா?

இந்த ஒரு கேள்விதான் என்னை அந்தக் கரட்டடிவாரம் வரை துரத்தியது. ரத்தம் என்றால், உலோகத்தில் கோளாறு இல்லை. தண்டு மேலே ஆடி, கீழே இறுகி, வளைந்து வளைந்து அலுத்துப்போய் உடைந்திருக்கிறது. அது பேச்சியம்மாளின் எலும்போடு போயிற்று. ஓட்டை என்றால் வார்ப்பே கோளாறு. அதே பெட்டியில் வந்த அக்காவின் தண்டுக்குள்ளும் அப்படி ஓர் ஓட்டை உட்கார்ந்திருக்கலாம். அது உடைவதற்கு முன் திறந்து எடுக்க வேண்டும். அக்காவுக்கோ சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இருந்தன. பேச்சியம்மாள் தாங்கிய அறுவையை அவள் தாங்குவாளா என்பது சந்தேகம்.

மறுநாள் காலையில் பூதக்கண்ணாடியோடு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினேன். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

“அவுக வீட்டுக்காரர்கிட்ட அப்பவே குடுத்துட்டேனே சார்” என்றாள் நர்ஸ்.

அவளைக் குறை சொல்ல முடியாது. உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் பாட்டிலில் போட்டுக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுவது எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளின் வழக்கம். பித்தப்பைக் கல்லைக் கண்ணால் பார்த்தால்தான் ஆபரேஷன் நடந்தது என்று நம்புவார்கள். சிலர் அதைக் கடைத்தெருவரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவார்கள். மாயாண்டியைக் கேட்டேன். “வீட்டுல பத்திரமா வச்சிருக்கேன்யா. கொண்டாந்து தாறேன்” என்றார். இன்று நாளை என்று இழுத்தார். பேச்சியம்மாள் எழுந்து நடந்து, ஊருக்குப் போய், தையல் புண்ணைக் காட்ட வந்த அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது.

“மன்னிச்சுக்கங்கய்யா. இவ எந்திரிச்சு நடந்தா அதை ஆத்தாளுக்குப் போடுறேன்னு நேந்துக்கிட்டேன். நடந்துட்டா. போட்டுட்டேன். இனி அதை எடுக்கணும்னா ஆத்தாகிட்டப் பூக்கேட்டுத்தான் எடுக்கணும்.”

காலில் நோய் வந்தால் தகரத்திலோ வெள்ளியிலோ கால் உருவம் செய்து போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். காலுக்குள் இருந்ததையே போடுவார்கள் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஆத்தா சொன்ன பதில்

பேச்சியம்மாளின் கை ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி நூலைப் பிரித்தார்.

நான் அந்த நிமிஷம் ஜெபித்தேனா என்று பிற்பாடு என் மனைவி கேட்டாள். ஜெபித்தேன். யாரிடம் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செவ்வரளி.

“ஆத்தா குடுத்துட்டா, எடுத்துக்கிருங்க” என்றார் பூசாரி. “ஆனா எடத்த வெறுமையா விடக்கூடாது. பதிலுக்கு ஏதாச்சும் வைங்க.”

காருக்கு ஓடினேன். பையில் ரப்பர் சுத்தியல் இருந்தது; முழங்காலில் தட்டி நரம்பைச் சோதிப்பதற்கான சுத்தியல். அதற்கும் குங்குமம் வைத்துச் சூலத்தில் கட்டினார் பூசாரி. மூட்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். வெயிலில் காய்ந்து கொதித்தது. வேட்டி முனையில் வைத்துத் துடைக்க மாயாண்டி முன்னால் வந்தார். நான் அதற்குள் கைக்குட்டையால் சந்தனத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கையில் வைத்திருந்தது ஒரே துண்டு.

இரண்டாக உடைந்ததை நானே என் கையால் எடுத்தேன். சூலத்தில் தொங்கியபோது சந்தனப் பூச்சில் தெரியவில்லை. இப்போது தண்டின் நடுவில், ஜன்னலுக்குக் கீழே, தடித்த தழும்பு மாதிரி ஒரு வளையம் தெரிந்தது.

“மாயாண்டி, இது என்ன?”

“வெல்டிங்குய்யா. தேனியில பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பட்டறையில குடுத்துப் பத்த வச்சேன். நல்லாப் பத்த வச்சிருக்கான், பாருங்க.”

“யாருய்யா உன்னைப் பத்த வைக்கச் சொன்னது?”

அவர் முகம் சுருங்கியது. “மூளிச் சாமானை ஆத்தாளுக்கு எப்படிய்யா குடுக்கிறது? ஒடஞ்சதைக் குடுத்தா அவளுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது.”

பூசாரியும் ஆமாம் என்று தலையாட்டினார். பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், “ஏதும் தப்பாய்யா?” என்று கேட்டாள். ஊன்றுகோலைப் பிடிக்காமலேயே நின்றுகொண்டிருந்தாள். நன்றாக, நேராக நின்றாள்.

“தப்பில்லை தாயி” என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்குக் கத்த வேண்டும் போலவும் இருந்தது, அந்தச் சுடுமண்ணிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

நெருப்பைப் பார்ப்பேனா?

நேரே பட்டறைக்குப் போனேன். வெல்டிங் செய்தவர் மூட்டை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“சாமிக்குன்னு சொன்னாக. காசுகூட வாங்கலை சார்.”

“பத்த வைக்கிறதுக்கு முன்னால, ஒடஞ்ச முனையில கறுப்பா ஒரு புள்ளி இருந்துச்சா? ஓட்டை மாதிரி?”

“ரெண்டு மொனையையும் கிரைண்டர்ல பிடிச்சுத் தேச்சுட்டுத்தான சார் சேப்போம்? அழுக்கு இருந்தா நிக்காதுல்ல.”

“தேய்க்கிறதுக்கு முன்னால பாத்தியா?”

“கண்ணாடியப் போட்டுக்கிட்டு நெருப்பைப் பாப்பேனா, புள்ளியப் பாப்பேனா சார்?”

மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். உடைந்த முகத்தைத் தேய்த்துச் சூடும் ஏற்றிய பிறகு ஏன் உடைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று கைவிரித்துவிட்டார். அந்த விற்பனைப் பிரதிநிதியோ அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. நானும் அந்தக் கம்பெனிச் சரக்கைத் தொடவில்லை. ஆனால் அக்காவின் இடுப்புக்குள் இருந்ததை என்ன செய்வது?

எக்ஸ்ரே எடுத்தேன். தண்டு முழுசாக இருந்தது. உடைகிற நிமிஷம் வரைக்கும் எல்லாத் தண்டும் முழுசாகத்தான் இருக்கும்.

“எதுடா உனக்குத் தெரியும்?”

கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சியம்மாள், சூலம், அரளிப்பூ, வெல்டிங். பூக்கேட்ட இடத்தில் சிரித்துவிட்டாள். “பாஸ்டரய்யாகிட்ட சொல்லிறாத” என்றாள். பிறகு மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தாள்.

“சரி, இப்ப என்ன சொல்ல வர்ற?”

“திறந்து எடுத்துட்டு வேற வைக்கலாம்க்கா.”

“எடுத்தா என்ன ஆகும்?”

“ரத்தம் நெறையாப் போகும். உனக்குச் சுகர் இருக்கு. ரெண்டாவது தடவை எலும்பும் முன்ன மாதிரி இருக்காது.”

“செத்துப் போவேனா?”

“அக்கா…”

“கேட்டதுக்குப் பதில் சொல்றா.”

“போகலாம்.”

“எடுக்காம விட்டா?”

“உடையலாம். உடையாமலும் போகலாம்.”

“இதுல எதுடா உனக்குத் தெரியும்?”

எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. படித்த படிப்பு, வைத்த மூட்டு, கையில் கிடைத்த தடயம், எதுவுமே அந்த ஒரு கேள்விக்கு உதவவில்லை.

“உனக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணு தெரியும்” என்றாள். “இன்னைக்கு நான் நடக்குறேன். காலையில வீட்டுல இருந்து கடைக்கு நடந்து வந்தேன். சாயங்காலம் நடந்தே போவேன். ஒடைஞ்சா அன்னைக்கு உன்னையக் கூப்பிடுறேன். அதுவரைக்கும் என் இடுப்பை விட்டுட்டு உன் சோலியப் பாரு.”

சேலையை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கூடவே வந்த பயம்

வாசகரைக் காக்க வைப்பது பாவம். அது உடையவில்லை. அக்கா கண்ணை மூடும்வரை அந்தத் தண்டு அப்படியே இருந்தது. அவளோடு அதையும் போடிக் கல்லறையில் வைத்தோம். அதற்குள் ஓட்டை இருந்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் உடையாது என்பது அந்த வருஷங்களில் எனக்குத் தெரியாதே. டெலிபோன் மணி அடித்தால் போடியிலிருந்துதான் என்று மனசு அடித்துக்கொள்ளும். கண்ட நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு போய்க் கடை வாசலுக்கு எதிரே நின்று, அவள் நடக்கிறாளா என்று பார்த்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பியிருக்கிறேன். ஒன்றும் இல்லாததற்கெல்லாம் எக்ஸ்ரே எடுத்தேன். மூட்டை தூக்காதே, மாடி ஏறாதே என்று பார்க்கும்போதெல்லாம் சண்டை. அவள் மூட்டையும் தூக்கினாள், மாடியும் ஏறினாள். வீரபாண்டித் திருவிழாவுக்கு ஜவுளிக் கடை போடுகிறேன் என்று அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்றாள். கல்யாண வீடுகளில் மற்றவர்கள் பந்தியைப் பார்ப்பார்கள். நான் அக்காவின் நடையைப் பார்ப்பேன். வலது கால் வைக்கும்போது உடம்பு ஒரு நூல் சாய்கிறதா? நேற்றைவிட அதிகமா? என் மனைவி, “நீங்க அவுககூட இருக்கையில எங்கூடப் பேசவே மாட்டேங்கிறீக” என்பாள். நான் அக்காவோடும் பேசியதில்லை.

எண்பதுகள் முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து அக்கா வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். அவள் தெரு கொஞ்சம் ஏற்றம். கையில் காய்கறிப் பையோடு அவள் முன்னால் போனாள். பையை வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுத் திட்டு வாங்கிவிட்டு, நான் வழக்கம்போல நாலடி பின்னால் போனேன். பின்னால் போனால்தான் இடுப்பு தெரியும். சேலையின் பின்கொசுவம் இடமும் வலமும் ஆடுவதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அக்கா நின்றாள். நானும் நின்றேன்.

“என்னக்கா? வலிக்குதா?”

அவள் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

“ஏலே, எத்தனை வருஷமா இப்படி என் பின்னாலயே வர்ற? வந்தா காலைப் பாக்குற. போனா காலைப் பாக்குற. பக்கத்துல வந்து, என் மூஞ்சியப் பாத்து, எப்படிக்கா இருக்கன்னு ஒரு தடவை கேட்டிருக்கியாடா?”

நாலடி எடுத்து வைத்து அவள் பக்கத்தில் போனேன். நிமிர்ந்து பார்த்தேன்.

அக்கா எப்போதோ கிழவியாகியிருந்தாள். எனக்குத் தெரியவே இல்லை.